கஸ்டம் இன்-இயர் மானிட்டரின் ஒலித்தரத்தை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது அச்சு கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் உங்கள் காதுக்கென்றே செய்த கஸ்டம் இன்-இயர் மானிட்டர் கைக்கு வந்துவிட்டது. போட்டுக் கேட்டதும் எழும் சந்தேகம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: இது நிஜமாகவே நன்றாக ஒலிக்கிறதா, இல்லை நன்றாக ஒலிக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோமா? இந்தச் சந்தேகத்தைச் சுற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

கஸ்டம் ஐஇஎம் (இன்-இயர் மானிட்டர்), சாதாரண இயர்போனிலிருந்து எதில் வேறுபடுகிறது?

சாதாரண இன்-இயரின் முனையில் ரப்பர் போன்ற ஒரு டிப் இருக்கும். எல்லாக் காதுகளுக்கும் ஓரளவு பொருந்தும். கஸ்டமில் டிப் கிடையாது. உங்கள் காதுக்குள் சிலிக்கோன் கலவையைச் செலுத்தி எடுத்த அச்சை வைத்து அக்ரிலிக்கிலோ ரெசினிலோ ஓடு செய்கிறார்கள். அதற்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்களான டிரைவர்கள் உட்காருகின்றன. மேடைக் கலைஞர்கள் வழியாகப் பரவிய பொருள் இது. 1995-இல் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்த முயற்சியிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனமே உருவானது.

இதில் மனதில் வைக்க வேண்டியது, இந்த ஓடுகூட ஒலியின் ஒரு பாகம் என்பது. ஒரே மாடலை இரண்டு பேர் வாங்கினால் இருவருக்கும் அப்படியே ஒரே ஒலி கேட்காது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எந்தப் பாட்டைப் போடலாம்?

பாட்டே வேண்டாம். முதலில் சீல் சரியா என்று பாருங்கள். ஓட்டுக்கும் காதுத் தோலுக்கும் நடுவே காற்று கசிந்தால் முதலில் பறிபோவது தாழ்ந்த ஒலிகளான பேஸ்தான். கசிவு பெரிதானால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அந்த நிலையில் கேட்டுவிட்டு "பேஸ் இல்லை, குரல் கீச்சென்று இருக்கிறது" என்று தீர்ப்பு எழுதுவது அந்த மானிட்டருக்குச் செய்யும் அநியாயம்.

போடும் விதமும் முக்கியம். வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் நீலம் என்பதுதான் வழக்கமான குறி. காதுக்குள் நுழையும் குழல் பகுதி சற்று முன்னோக்கி இருக்கும்படி உள்ளே விட்டு, பிறகு பின்பக்கமாக மெதுவாகத் திருப்பி உட்கார வையுங்கள். இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்தால் சுலபமாக இறங்கும்.

உட்கார்ந்த பிறகு, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைத் திறந்து 50 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான அளவில் ஓடவிடுங்கள். இப்போது வாயை அகலத் திறங்கள். சிரியுங்கள். தலையை இடமும் வலமும் திருப்புங்கள், அண்ணாந்து பாருங்கள். அந்தத் தாழ்ந்த ஒலி எதிலும் குறையாமல் நிற்க வேண்டும். வாய் திறக்கும்போது மட்டும் ஒரு பக்கம் பேஸ் காணாமல் போனால், அந்தப் பக்கம் தாடை அசையும் இடத்தில் கசிகிறது என்று பொருள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே மானிட்டரை விரலால் மெல்லத் தொட்டு உள்ளே தள்ளியதும் பேஸ் குபீரென்று கூடுகிறதா? அப்படியானால் சீல் எப்போதுமே இல்லை. ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், நன்றாக உட்கார்ந்த காது மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும்.

சீல் ஏன் சரியாக வராமல் போகிறது?

பெரும்பாலும் அச்சு எடுத்த விதத்தால். வாயை மூடிக்கொண்டு கொடுத்த அச்சில் காதுக்குழல் ஒரு வடிவம். வாய் திறந்தால் தாடை மூட்டு நகர்ந்து குழலின் வடிவம் மாறிவிடும். அதனால்தான் பல்லிடுக்கில் ஒரு கட்டையைக் கடித்தபடி, வாய் திறந்த நிலையில் அச்சு எடுக்கச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். பாடகர்களுக்கு இது கட்டாயம் என்பேன். அச்சு ஆழமாகப் போயிருக்கவும் வேண்டும். காதுக்குழலில் இரண்டு வளைவுகள் உண்டு. இரண்டாவது வளைவைத் தாண்டிய அச்சுதான் நல்ல அச்சு. செவிப்பறைக்கு முன்னால் பஞ்சுத் தடை வைத்து, காது பரிசோதனை செய்யத் தெரிந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும். வீட்டில் தானே செய்து பார்க்கும் வேலை இல்லை.

டெமோவில் கேட்டது ஒன்று, கஸ்டமில் கேட்பது வேறு. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. டெமோவுக்கு வைப்பது டிப் போட்ட பொதுப் பதிப்பு. அது காதுக்குள் போகும் ஆழம் வேறு, கஸ்டம் போகும் ஆழம் வேறு. முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவிலுள்ள காற்றின் நீளம் மாறினால் ஒத்ததிர்வு விழும் இடமும் மாறும். டெமோவில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்திய ஒரு முனைப்பு, கஸ்டமில் இன்னும் மேலே நகர்ந்து குத்தாமல் போகலாம். எதிர்த்திசையிலும் நடக்கலாம். டிப் சரியாக அடைக்காத காதுக்கு டெமோவில் பேஸ் குறைவாகவும், கஸ்டமில் நிறைவாகவும் கேட்கும்.

ஆக, டெமோவில் நம்பத்தகுந்தது குரல் பகுதியின் சாயல்தான். பேஸின் அளவையும், உயர்ந்த ஒலிகளான டிரெபிளின் நுணுக்கத்தையும் அதில் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சீல் சரி. இப்போது எதில் ஆரம்பிப்பது: பேஸா, டிரெபிளா?

குரலில் ஆரம்பியுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். வேறு எந்த ஓசைக்கும் அவ்வளவு துல்லியமான அளவுகோல் நம்மிடம் இல்லை.

நன்றாகப் பதிவான, அதிக எக்கோ சேர்க்காத ஒரு ஆண் குரலையும் ஒரு பெண் குரலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரலில் மார்பிலிருந்து வரும் கனம் இருக்கிறதா, இல்லை தொண்டையிலிருந்து மட்டும் வருவதுபோல் மெலிந்திருக்கிறதா? 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அதைச் சொல்லிவிடும். அங்கே அளவு மிஞ்சினால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகும். பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போது கத்துவதுபோல் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதி தூக்கலாக இருக்கிறது. குரல் பின்னால் தள்ளிப்போய், சொற்கள் வாத்தியங்களுக்குள் அமுங்கினால் அதே பகுதி குறைவு.

இந்தப் பகுதி ஏன் இவ்வளவு முக்கியம்? காதுக்குழல் சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். திறந்திருக்கும்போது அதுவும் காது மடலும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைச் செவிப்பறையில் 10 டெசிபலுக்கு மேல் உயர்த்திக் கொடுக்கின்றன. குழலை மானிட்டரால் அடைத்ததும் அந்த இயற்கையான உயர்வு அந்த இடத்தில் இல்லாமல் போகிறது. அதை மானிட்டரே திருப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு, எந்த இடத்தில் கொடுப்பது என்பதில்தான் தயாரிப்பாளரின் திறமை முழுக்கத் தெரியும். உங்கள் காதின் நீளமும் வடிவமும் சராசரியிலிருந்து விலகியிருந்தால், ஊரே புகழும் மாடலும் உங்களுக்குக் கத்தலாம்.

அப்புறம் 'ஸ', 'ஷ', 'ச' ஒலிகள். இவற்றின் கூர்மை 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை அதிகம். ஒவ்வொரு 'ஸ'வும் ஊசி மாதிரி தனியே துருத்திக்கொண்டு வந்தால் நீண்ட நேரம் கேட்க முடியாது. பல பதிவுகளில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சில பாடல்கள் பதிவிலேயே அப்படித்தான் இருக்கும்.

வாத்தியங்களில் எவற்றைக் கவனிப்பது?

என் தேர்வு மிருதங்கமும் தம்புராவும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் விழும் 'தொம்' எழுந்து, வளைந்து, அடங்க வேண்டும். எழுந்தது மட்டும் கேட்டு அடங்குவது கேட்காவிட்டால் அடிமட்ட பேஸ் போதவில்லை. அடங்கவே மாட்டாமல் அடுத்த அடியோடு குழம்பினால் நடு பேஸ் வீங்கியிருக்கிறது. வலந்தலையின் 'நம்' அதே வேளையில் தெளிவாகத் தனித்து விழுகிறதா என்பதும் முக்கியம். தம்புராவில் ஒரு தந்தியை மீட்டியதும் அதற்குள்ளிருந்து மேல் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து வரும். டிரெபிளில் எங்காவது பள்ளம் இருந்தால் அந்த வரிசையில் ஒரு படி காணாமல் போகும்.

மேற்கத்திய இசை கேட்பவர்கள் பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தியையும், சிம்பல் ஒலி தேய்ந்து மறையும் விதத்தையும் பார்க்கலாம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ்.

புதிதாக 'ஆடியோஃபைல் டெஸ்ட் டிராக்' பட்டியல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பல வருடமாக, பல ஸ்பீக்கர்களில் கேட்டு மனப்பாடமான பாடல்களே சிறந்த கருவி.

சவுண்ட்ஸ்டேஜ் (இசை விரிந்து கேட்கும் பரப்பு) பெரிதாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

காதுக்குள் உட்காரும் எந்தச் சாதனமும் ஹால் அளவு விரிவைத் தராது. அதை எதிர்பார்ப்பதைவிட, ஒவ்வொரு வாத்தியமும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரு காதுக்கும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றைப் போட்டால் குரல் தலைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். ஸ்வரம் மேலே போகப் போகக் குரல் ஒரு பக்கமாக நகர்ந்தால் இடது வலது டிரைவர்கள் பொருந்தவில்லை, அல்லது ஒரு பக்கம் உட்கார்ந்தது சரியில்லை.

ஒரு பக்கம் சத்தம் குறைவாகக் கேட்கிறது. காதா, மானிட்டரா?

சாதாரண இயர்போன் என்றால் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம். கஸ்டமை மாற்றிப் போட முடியாது. அதனால் வேறு வழி: மோனோ ஒலியை ஓடவிட்டு, மானிட்டரோடு சேரும் இடத்தில் கேபிளின் இரு முனைகளையும் மாற்றிச் செருகுங்கள். குறை இப்போது மற்றக் காதுக்கு மாறினால் கேபிளிலோ பிளேயரிலோ கோளாறு. அதே காதில் நின்றால் மானிட்டர், அடைப்பு, அல்லது உங்கள் காது. பெரும்பாலும் குற்றவாளி காதுக் குறும்பிதான். ஒலித்துளையை வெளிச்சத்தில் பார்த்து, கூட வரும் சிறு கொக்கியால் துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அதன் பிறகும் குறை அதே காதில் நின்றால் ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

2 பின் இணைப்புள்ள கேபிளில் இன்னொரு விஷயம். ஒரு பக்கம் தலைகீழாகச் செருகப்பட்டால் சத்தம் வரும், ஆனால் துருவம் மாறியிருக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றிக் கலைந்து போகும், பேஸ் மெலியும். "சவுண்ட்ஸ்டேஜ் பிரமாதம், பேஸ் மட்டும் போதவில்லை" என்று தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

என் குரல் உள்ளே முழங்குகிறது, நடந்தால் காலடி கேட்கிறது. இது தரக்குறைவா?

தரக்குறைவு இல்லை, காதை அடைத்தால் வரும் இயற்கையான விளைவு. பேசும்போது எலும்பு வழியாகவும் அதிர்வு வந்து காதுக்குழலின் மென்மையான வெளிப்பகுதியை அசைக்கிறது. திறந்த காதில் அது வெளியே போய்விடும். அடைத்த காதில் உள்ளேயே தங்குகிறது. ஓட்டின் குழல் இரண்டாவது வளைவைத் தாண்டி எலும்புப் பகுதிவரை போனால் முழக்கம் நன்றாகக் குறையும். பாடகர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

டிரைவர்கள் அதிகம் என்றால் தரமும் அதிகமா?

கிடையாது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி டிரைவர் காது கேட்கும் கருவிகளின் உலகத்திலிருந்து வந்தது. ஒன்று மட்டும் எல்லா அலைவரிசையையும் ஒரே வலுவில் கொடுக்கத் திணறுவதால் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பிரித்ததும், எந்த டிரைவருக்கு எந்த அலைவரிசை என்று பங்கிட்டு அவற்றைச் சேர்க்கும் கிராஸோவர் சுற்று சரியாக இருக்க வேண்டும். சரியில்லையென்றால் ஒரே வாத்தியத்தின் கீழ் ஸ்வரம் ஒரு நிறத்திலும் மேல் ஸ்வரம் வேறு நிறத்திலும் கேட்கும். கூட்டுக் குடும்பம் மாதிரிதான், ஆள் கூடக்கூட ஒத்துப்போக வைப்பது பெரிய வேலை. நன்றாக அமைந்த ஒற்றை டைனமிக் டிரைவர், கவனக்குறைவாகச் சேர்த்த பத்து டிரைவர்களைத் தாராளமாக வெல்லும்.

கிராஃபைப் பார்த்தே முடிவு செய்துவிடலாமே?

எந்த அலைவரிசை எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று அளந்து வரைந்த கிராஃப் மிகவும் பயன்படும். அதை மதிக்காதவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஆனால் எந்த எல்லைவரை என்று தெரிந்து படிக்க வேண்டும்.

இன்-இயர்களை அளக்கப் பரவலாகப் பயன்படும் கப்ளர் (செயற்கைக் காது), ஐ.இ.சி. 60318-4 தரத்தைச் சேர்ந்தது. பழைய பெயர் 711. காதைப்போல் அது நடந்துகொள்வது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே தெரியும் மேடு பள்ளங்களை உங்கள் காதில் நடப்பவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பல கிராஃப்களில் தெரியும் கூர்முனையும், கப்ளரில் எவ்வளவு ஆழத்தில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து நகரக்கூடியது. அதிலும் கஸ்டம் என்றால் ஒருவரின் காதுக்காகச் செய்த வளைந்த மானிட்டரை நேரான உலோகக் குழாயில் களிமண் போன்ற பொருளால் ஒட்டவைத்து அளக்க வேண்டும். ஆழமும் சீலும் ஒவ்வொரு முறையும் மாறும்.

ஒப்பிடுவதற்குப் பலரும் காட்டும் ஹார்மன் கோடு, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு பலரை வைத்து நடத்திய கேட்புச் சோதனைகளிலிருந்து வந்தது. பலரின் விருப்பத்தின் சராசரி அது. அந்தக் கோட்டிலிருந்து விலகிய இடங்களைக் கிராஃபில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பதுதான் நல்ல பழக்கம். 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏறும் ஸ்வீப் ஒலியைக் கேட்டால், உங்கள் காதில் எங்கே திடீரென்று உரக்கிறது, எங்கே அமுங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டு கஸ்டம்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஒலியளவைச் சமன் செய்யாத ஒப்பீடு ஒப்பீடே இல்லை. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நாம் "சத்தம் அதிகம்" என்று உணர்வதில்லை. "தெளிவு அதிகம், உயிர் இருக்கிறது" என்று உணர்கிறோம். ஒலியளவு ஏறும்போது பேஸ் நம் காதுக்கு இன்னும் வேகமாகக் கூடுகிறது என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைந்து காட்டிவிட்டார்கள்.

அளக்கும் கருவி இல்லாதவர்கள் 1 கிலோஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட, குறுகிய அலைவரிசை இரைச்சலை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, ஒரே அளவாகத் தோன்றும் வால்யூம் எண்களைக் குறித்துக்கொள்ளலாம். துல்லியம் கொஞ்சம் குறைவுதான். அடுத்து, பாடலின் ஒரு சிறு துண்டை மட்டும் எடுங்கள். ஒலியின் நுட்பமான நினைவு சில நொடிகளில் மங்கிவிடும். ஒரு கஸ்டமைக் கழற்றி இன்னொன்றைப் போடுவதற்குள் பாதி போய்விடும். அதனால் கழற்றும் முன்பே கேட்டதை எழுதிவிடுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று எழுதாமல் "இரண்டாவது வரியில் வயலின் குரலுக்குப் பின்னால் போகிறது" என்று எழுதுங்கள். நாளை அதைச் சரிபார்க்க முடியும்.

பிளேயர், ஆம்ப், கேபிள் இவையெல்லாம் ஒலியை மாற்றுமா?

ஒலியைப் பெருக்கும் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (அது காட்டும் மின் எதிர்ப்பு) மாற்றும், அதுவும் கணிசமாக. பல ஆர்மேச்சர்கள் உள்ள கஸ்டமின் இம்பீடன்ஸ் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் அவுட்புட் உள்ள ஆம்பில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 5 டெசிபல் வித்தியாசம் புதிதாக முளைக்கும். 1 ஓம் ஆம்பில் அது ஒரு டெசிபலுக்கும் குறைவு. எனவே தீர்ப்புச் சொல்லும் முன் ஆம்ப் 1 ஓமுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு ஓடாதபோதும் பின்னால் 'ஸ்ஸ்' என்று கேட்டால், அது மானிட்டரின் குறை இல்லை. உணர்திறன் அதிகமுள்ள மானிட்டரில் ஆம்பின் இரைச்சல் வெளியே தெரிகிறது.

கேபிளில் மின்தடை கணிசமாக மாறினால் இதே காரணத்தால் ஒலியும் சற்று மாறும். வெள்ளியா செம்பா என்பதற்காகச் செலவழிக்காதீர்கள். மென்மையான, உரசல் சத்தம் வராத கேபிள் போதும்.

நூறு மணி நேரம் பர்ன்-இன் செய்தால் (தொடர்ந்து ஓடவிட்டுப் பழக்கினால்) சரியாகிவிடும் என்கிறார்களே?

மாறுவது பெரும்பாலும் நம் மூளை. புதிய சாயலுக்குக் காது பழக நாளாகும், அது உண்மை. அதனால் முதல் நாளே தீர்ப்பு வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் அதை மட்டும் கேளுங்கள். ஆனால் சீல் கசிவும், குத்தும் 'ஸ'வும் பர்ன்-இன்னால் குணமாகாது. அதற்காகக் காத்திருந்து, பொருத்தத்தைச் சரிசெய்து தரும் ரீஃபிட் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

ஈக்யூ (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) போட்டுச் சரிசெய்யலாமா?

தாராளமாக. நடு பேஸில் 2 டெசிபல் குறைப்பது, 3 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றுவது எல்லாம் எளிதில் பலிக்கும். சீல் கசிவை ஈக்யூவால் நிரப்பப் பார்ப்பது மட்டும் வீண். தலையைத் திருப்பியதும் கணக்கு மாறிவிடும்.

மேடைக்கு வாங்குபவர் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

தன் குரலோ வாத்தியமோ கலவைக்குள் உடனே கண்ணுக்குத் தெரிவதுபோல் கேட்கிறதா என்பதை. வீட்டில் இனிமையாகக் கேட்கும் கனத்த பேஸ், மேடையில் தரை வழியாக வரும் பேஸோடு சேர்ந்து சுருதியை மறைக்கும். நல்ல அக்ரிலிக் ஓடு வெளிச்சத்தத்தை 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும்; அதனால் குறைந்த வால்யூமில் தெளிவாகக் கேட்பதே மேடை மானிட்டரின் தரம். ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கம் வேண்டாம். மாட்டியிருக்கும் காதில் வால்யூமை ஏற்றித்தான் அதை ஈடுகட்டுவீர்கள். தொழிலிடங்களுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்.

எப்போது ரீஃபிட்டுக்கு அனுப்புவது, எப்போது "இது என் ரசனைக்கு இல்லை" என்று விடுவது?

50 ஹெர்ட்ஸ் சோதனையில் தோற்றால், ஓரிடத்தில் வலித்தால், ஒரு மணி நேரத்தில் தானாகத் தளர்ந்து வெளியே வந்தால் அனுப்பிவிடுங்கள். பல நிறுவனங்கள் கைக்கு வந்த முதல் 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தருகின்றன. உங்களுடைய நிறுவனத்தின் கெடுவை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீல் கச்சிதமாக இருந்தும் இரண்டு வாரம் கழித்தும் குரல் பிடிக்கவில்லையென்றால் அது ட்யூனிங். ரீஃபிட் அதை மாற்றாது.

அனுப்பும்போது "பேஸ் குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காது, வாய் திறக்கும்போதா தலை திருப்பும்போதா, வலி இருந்தால் ஓட்டின் எந்த மேடு என்று எழுதி, அந்த இடத்தை மார்க்கரால் குறித்து ஒரு படமும் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். இருக்கிற ஓட்டிலேயே கூட்டிக் குறைத்தால் போதுமா, புது அச்சு கேட்க வேண்டுமா என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.